மைக் அக்காவும் அதிவேக ரயிலும்

வெந்நீரை ஒரு மிடறு விழுங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நிற்கிறார் மைக் அக்கா. அதன் பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார். “வடக்கிலிருந்து வரும் பயணிகள் வண்டி ஒரு மணி இருபது நிமிடம் தாமதமாக வந்து சேரும். தாமதத்திற்கு மனமார வருந்துகிறோம்.” பொத்தானிலிருந்து விரலை எடுத்ததும் உட்கார்ந்துவிடுகிறார்.

பத்து நிமிடத் தாமதத்தை உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எழுந்தாக வேண்டும். “உக்காந்துக்கிட்டே மன்னிப்புக் கேட்டா அது மன்னிப்பா?” என்பது அவர் கட்சி. அவர் எழுந்ததை யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த அறையின் ஒரே சன்னல் சரக்குக் கொட்டகையின் முதுகைப் பார்த்துத் திறக்கிறது.

இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த நிலையத்தின் குரல் அவர்தான். ஊருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். கடையில் போய் “ஒரு சோப்புக் கட்டி குடுங்க” என்றால், கடைக்காரர் தன்னை அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வீட்டிலும் அதே குரல்தான். “குளிக்கிறதுன்னா இப்பவே போங்க, இன்னும் அஞ்சு நிமிஷத்துல தண்ணி நின்னுடும்” என்று அவர் சொன்னால், கணக்கு வாத்தியாரான கணவர் துண்டோடு ஓடுவார்.

அதிவேக ரயில் வரப்போகிறது என்று செய்தித்தாள்களில் படம் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டு கட்சி. வாத்தியார் பென்சிலும் கையுமாக இருந்தார். “தலைநகரத்துக்கு எட்டு மணி நேரம் ரெண்டரை மணி நேரமாகுது. அஞ்சரை மணி நேரம் மிச்சம்!”

“மிச்சம் புடிச்சத எந்த டப்பாவுல போட்டு மூடி வைக்கிறதா உத்தேசம்?” என்றார் அக்கா.

அத்தனை பெரிய செலவில் அந்த ரயில் தேவையா என்று மக்களைக் கேட்க நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஒன்பது வருடமாக அந்த நிலையத்துக்கு ஆமை வண்டியில் வந்துபோகும் நானும் போயிருந்தேன். நடுவரிசையில் நரைத்த தலையோடு ஓர் அம்மாள் எழுந்து, “எல்லாருக்கும் வணக்கம்” என்றதுதான் தாமதம், மண்டபம் முழுக்கத் திரும்பியது. பாதிப் பேர் கூரையில் ஒலிபெருக்கியைத் தேடினார்கள்.

“இருபத்து மூணு வருஷமா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருக்கேன். அதுல பாதி ஒரே காரணத்துக்கு. இங்கேயிருந்து அடுத்த சந்திப்பு வரைக்கும் பதினாறு கிலோமீட்டருக்கு ஒத்தத் தண்டவாளம். ஒரு வண்டி வர்ற வரைக்கும் இன்னொண்ணு வெளியில காத்துக் கெடக்கணும். முதல்ல அங்க இன்னொரு தண்டவாளம் போடுங்க. பறக்கறதப் பத்தி அப்புறம் பேசலாம். இந்த ரயில் வேண்டாம்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. “நம்ம துறையைப் பத்தி நாமளே இப்படிப் பேசலாமா?” என்று கையைப் பிசைந்த நிலைய அதிகாரிகூடக் கடைசியில் தட்டிவிட்டார்.

மறுநாள் செய்தித்தாளில் அக்காவின் படம் வந்தது. காலையிலேயே மகளின் தொலைபேசியும் வந்தது. மகள் தலைநகரத்தில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். எட்டு மாதக் கைக்குழந்தை வேறு.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?” என்றாள். “அந்த ரயில் வந்தா நான் வாராவாரம் வருவேன். காலைல கிளம்பி, மத்தியானம் உன்கூடச் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிடலாம். இப்ப எட்டு மணி நேரம் இவளைத் தூக்கிக்கிட்டு எப்படிம்மா வர்றது? நீ இவளைப் பாத்தே மூணு மாசமாச்சு.”

ஊருக்கே பதில் சொன்ன அக்கா தொலைபேசியை மெல்ல வைத்துவிட்டார். தொண்டை கட்டிவிட்டது என்று இரண்டு நாள் விடுப்புப் போட்டார். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. அந்த இரண்டு நாளும் வேறு யாரோ அறிவிக்க, பயணிகள் தவறான நடைமேடையில் நின்றதாகப் பேச்சு.

வாத்தியாருக்கு இது ஜெயிக்க வேண்டிய நேரம். அவர் குத்திக்காட்டவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, “நீ போட்ட கணக்குத் தப்பில்ல. ஒரு வரி விட்டுப்போச்சு, அவ்வளவுதான்” என்றார்.

கருத்தை எழுத்தில் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அக்கா வேலை முடிந்து மண்டபத்துக்குப் போன அன்று, வரிசையில் அவருக்குப் பின்னால் நான். படிவத்தில் இரண்டே கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு. அவர் இரண்டிலும் குறி போட்டு நீட்டினார்.

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிம்மா? ரெண்டுலயும் போட்டா செல்லாது” என்றார் குமாஸ்தா.

“எனக்கு மீசை இல்ல சார். அந்தத் தொல்லை உங்களுக்குத்தான். வேற படிவம் குடுங்க.”

புதுப் படிவத்தை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று மகளைக் கூப்பிட்டார். “இந்தத் தடவை உன்னைக் கேட்டுட்டுத்தான் எழுதப்போறேன். வேகமா போற ரயில் வேணும்னு எழுதறேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பதினாறு கிலோமீட்டர் வேணும்னும் எழுதணும். நீ என்ன சொல்ற?” மெதுவாகப் பேசுவதாகத்தான் அவர் நினைப்பு. வரிசை மொத்தமும் வாய் மூடிக் கேட்டது.

அந்தப் பக்கம் மகள் சிரித்தது எனக்கே கேட்டது. “அப்படியே எழும்மா. போன தடவை என் வண்டியும் அந்த எடத்துலதானே முக்கால் மணி நேரம் நின்னுச்சு? புது ரயில் என்னிக்கு வருமோ. அடுத்த மாசம் இவளைத் தூக்கிக்கிட்டுப் பழைய வண்டியிலயே வர்றேன்.”

அக்காவின் முகம் மலர்ந்தது. ‘ஆதரவு’ கட்டத்தில் குறி போட்டார். பிறகு தாளைத் திருப்பிச் சுவரில் வைத்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். எது முதலில், எது அடுத்து, ஏன் என்று பொடி எழுத்தில் போய்க்கொண்டே இருந்தது. அடியில் இடம் தீர்ந்ததும் ஓரத்தில் மேல்நோக்கி ஏறினார். பின்னால் நின்ற எங்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முடித்ததும் மை காய ஊதினார். குமாஸ்தா கை நீட்டித் தாளை வாங்கி, கட்டம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கின்மேல் வைத்தார். அக்கா அதை எடுத்து, எழுதிய பக்கம் மேலே தெரியும்படி புரட்டி வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் ஒருமுறை நீவிவிட்டார்.