அறுபத்து நான்கில் நாற்பத்தொன்று

சுமலதாவுக்கும் பரசுராமனுக்கும் ஆகாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த இரும்பு வார்ப்பு ஆலையின் வாட்ச்மேன் முதல் கேண்டீன்காரர் வரை எல்லோருக்கும் இது தெரியும்.

சுமலதா பொன்னேரியை அடுத்த ஆரணிப் பக்கத்து நெல் விவசாயி வீட்டுப் பெண். பொன்னேரியில் ரயிலேறி வேலைக்கு வருவாள். சி மொழியில் புரோகிராம் எழுதுவாள். நன்றாகவே எழுதுவாள், அதுதான் வினை. மூன்று உலைகளின் வெப்ப அளவுகளையும் அறுபத்து நான்கு அளவுகள் கொண்ட கட்டுகளாகக் கட்டி, ஹார்ட் டிஸ்கில் எழுதச் சொல்லி, கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸிடம் ஒரே வீச்சில் தள்ளிவிடும் அவள் புரோகிராம். எழுதி முடிந்ததா என்று பக்கத்தில் நிற்காது, அடுத்த கட்டைச் சேர்க்கப் போய்விடும். "காத்துக்கினு நிக்கிற வேலையே கிடையாது சார்" என்று மேனேஜர் ஜகந்நாதனிடம் பெருமையடித்துக்கொண்டாள்.

பரசுராமன் மூன்றாம் உலையில் இருபத்திரண்டு வருட ஆபரேட்டர். புரோகிராம் வந்ததும், அவர் வெப்ப அளவுகளை எழுதிவந்த நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். மனுஷன் விட்டாரா? பேனல் கதவில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். ஆடிட்காரர்கள் பார்த்தால் அசிங்கம் என்று சுமலதா இரண்டு தடவை துடைக்கச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததும் அத்தோடு நின்றது.

மார்ச் மாதம் பதிவில் ஓட்டை விழுந்தது. மூன்றாம் உலையில் மட்டும், அதுவும் உருகிய இரும்பை ஊற்றும் நேரத்தில் மட்டும். பரசுராமன் உலையை அளவுக்கு மீறிச் சூடேற விட்டு, மாட்டிக்கொள்ளாமல் இருக்க சென்சாரைப் பிடுங்குகிறார் என்று பேச்சு கிளம்பியது. 'பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆபரேட்டர் பரசுராமன் இணைப்பைத் துண்டித்திருக்கலாம்' என்று சுமலதா எழுதிக் கொடுத்தாள். பரசுராமனுக்கு மெமோ வந்தது. செவ்வாய்க்கிழமை விசாரணை, குற்றம் உறுதியானால் வேலை போகும்.

பரசுராமன் அவள் அறைக்கு மூன்று முறை வந்தார்.

"மீட்டர்ல நெம்பர் ஓடிக்கினே தான்மா இருக்குது. உன் பொட்டிக்குள்ள போனப்புறம் காணாம பூடுது. ஒரு தபா வந்து பாரு."

"எரர் ஒண்ணும் வரலைங்க" என்றாள் மூன்று முறையும், தலையைத் தூக்காமல்.

திங்கட்கிழமை காலை, சாக்பீஸ் எழுத்தை போட்டோ எடுத்து வரச் சொல்லி ஜகந்நாதன் சுமலதாவை அனுப்பினார். கட்டளையை மீறியதற்கு அதுவும் ஒரு சாட்சியாம். போனாள். கதவில் அன்றைய அளவுகள் வரிசையாக இருந்தன. கற்பனையில் கிறுக்கியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்போது உருகிய இரும்பை ஊற்ற ஆரம்பித்தார்கள். மீட்டரில் எண்கள் அவள் கண்ணெதிரே ஓடின. கையிலிருந்த டேப்லெட்டில் மூன்றாம் உலைக்கு நேரே வெறுமையாக இருந்தது.

அறைக்கு ஓடினாள். ஒவ்வொரு கட்டையும் தள்ளியதும் லினக்ஸ் என்ன பதில் சொல்கிறது என்று திரையில் போடவைத்து, அடுத்த ஊற்றுக்காக உட்கார்ந்தாள். அறுபத்து நான்கு. அறுபத்து நான்கு. நாற்பத்தொன்று.

பதில் மைனஸில் வந்தால் பிழை. அதை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். எழுதக் காத்திருக்கும் வரிசை நிரம்பிவிட்டால் இடமிருக்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டு, 'இத்தனைதான் எடுத்தேன்' என்று லினக்ஸ் எண்ணைச் சொல்லும். மீதியைத் திரும்பக் கொடுப்பது கொடுத்தவர் பொறுப்பு. அவள் புரோகிராம் மீதி இருபத்து மூன்றையும் அழித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊற்றும் நேரத்தில்தான் அளவுகள் குவியும். ஒவ்வொரு கட்டிலும் மூன்றாம் உலை கடைசியில் இருந்தது. வெட்டெல்லாம் பரசுராமன் தலையில் விழுந்தது.

நெல் கொள்முதல் நிலையத்தில் அறுபத்து நாலு மூட்டை இறக்கி நாற்பத்தொன்றுக்குச் சீட்டு கொடுத்தால் அவள் அப்பா ஊரையே கூட்டியிருப்பார். மகள் சீட்டைப் படிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த ஆள் சொன்னது சரியாகிவிட்டதே என்று கோபம் கோபமாக வந்தது.

புரோகிராமைத் திருத்திவிட்டு மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "சரிபண்ணிட்ட இல்ல, விடு" என்றார் ஜகந்நாதன். "சாக்பீஸ் விஷயத்தை வெச்சே அவனை அனுப்பிடலாம். உன் பேரு எதுக்கு நடுவுல?"

அன்று முழுக்க அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் விசாரணை அறையில் பரசுராமன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார். அவள் எழுந்து, "தப்பு என் புரோகிராம்ல. பழைய ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள். லினக்ஸ் சொன்ன எண்ணைத் தான் பார்க்காமல் விட்டதையும் விளக்கினாள். ஜகந்நாதன் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். மெமோ ரத்தானது.

வெளியே குழாயடியில் பரசுராமன் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தினி எடுத்துகினேன்னு உன் பொட்டி சொல்லுமா?" என்றார்.

"சொல்லும்."

"ஒவ்வொரு தபாவும்?"

"ஆமா. நான்தான் பார்க்கலை."

"நானும் மூணு தபா வந்து சொன்னேன்."

சுமலதா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "அண்ணா..." என்றாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் வாணாம். ரிப்போர்ட்ல எழுதினியே, ஆபரேட்டர் பரசுராமன்னு, அப்பிடியே கூப்டு."

சொல்லிவிட்டு மூன்றாம் உலைப் பக்கம் நடந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது.