ஸ்டெல்லா அக்கா அனுமதித்த இரண்டு வசனங்கள்

வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காக நின்றபோதுதான் பாயிஸ் நானாவின் அழைப்பு வந்தது. எங்கள் இசைக்குழுவில் தபேலா வாசிப்பவர் அவர். காலையில் அழைக்கிற ஆள் இல்லை.

"தம்பி, நம்மட ஸ்டெல்லா மவுத்தாகிட்டா," என்றார். பிறகு கொஞ்ச நேரம் அவர் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பம்பலப்பிட்டிப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"சொன்ன நேரத்துக்கு. ஸ்டெல்லாட விசயம் எப்பயாவது லேட்டாகி ஈக்கா?"

அழுகைக்கு நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். பார்வையாளராக மட்டும் வந்து போனவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

வருடத்தில் ஒரு வாரம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாறி மாறி நடந்த இசை நிகழ்ச்சிகளை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஏழு மாலை, ஏழு நிகழ்ச்சி. அதைத் தொடங்கியதும் நடத்தியதும் ஸ்டெல்லா அக்காதான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவருக்குப் பாடவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. சுருதி என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டதற்கு, "அது பாட்டுக்காரரின்ட தலையிடி, எனக்கேன்?" என்றார். அவருடைய தலையிடிகள் வேறு. கடைசி வரிசைக்குக் கேட்கிறதா, மின்விசிறி சுற்றுகிறதா, சொன்ன நேரத்துக்குத் திரை விலகுகிறதா. ஒவ்வொரு நாளும் மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசி வரிசையில் போய் இருப்பார். அங்கிருந்து, கேட்கிறது என்று கையைத் தூக்கினால்தான் ஒலிவாங்கியை விட்டு நாங்கள் நகரலாம்.

நம் நிகழ்ச்சிகள் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. விளக்கேற்ற ஒரு வரிசை, வரவேற்புரைக்கு ஒருவர், தலைமையுரைக்கு ஒருவர், பொன்னாடை போர்த்த ஒரு கூட்டம். முதல் பாட்டு வருவதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும். அக்கா அத்தனையையும் ஒரே வெட்டாக வெட்டினார். முதல் வருடம், பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுக்கலாமே என்று அனுசரணையாளரான நகைக்கடை முதலாளி கெஞ்சினார். "அவரும் பாட்டுக் கேக்கத்தானே வாறார்? வந்து கேக்கட்டும்," என்று அக்கா திரையை விலக்கச் சொல்லிவிட்டார். வந்த விருந்தினருக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. பாவம், கோபிப்பார் என்று நினைத்தோம். அடுத்த வருடம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்.

என் கதையும் அதே வருடம்தான் தொடங்கியது. பகலில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, மாலையில் மேடை அறிவிப்பு என்று திரிந்த காலம். எனக்கு என் குரல் மீது ஒரு காதல் இருந்தது, அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தொடக்க நாளுக்கென்று மூன்று பக்கத்தில், அடுக்குமொழியில், ஒரு வரவேற்புரை எழுதிக்கொண்டு போனேன். அக்கா நின்ற நிலையிலேயே அதை வாசித்தார். வாசித்து முடித்து, நான்காக மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தம்பிக்கு நல்ல குரல். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

"என்னக்கா செய்யிறது அப்ப?"

"ஒரு பாட்டுக்கு ரெண்டு வசனம். மூண்டாவது வசனத்துக்குச் சனம் ஃபோனை எடுக்கும்."

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் கடைசி வரைக்கும் அவர் எனக்கு மூன்றாவது வசனம் தரவில்லை. ஒரே ஒரு நாள் தவிர. அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், வழக்கம் போல ஏழு நாட்களையும் அக்கா தன் குசினிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக் குறித்தார். நாள் குறிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். தேவாலயத் திருவிழா பார்த்தார். கதிரேசன் கோயில் தேரோடு முட்டுகிறதா என்று பார்த்தார். நோன்பு காலம் தாண்டிவிட்டதா என்று பாயிஸ் நானாவிடம் கேட்டார். நான்காம் நாள் போயா. அதையும் பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதுதான் பிரச்சினை. "பௌர்ணமி, எல்லாருக்கும் லீவு, வெள்ளவத்தை ஹோல் நிரம்பும்," என்று சந்தோசப்பட்டார். நாங்களும் தலையாட்டினோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இத்தனை பேரில் ஒருவருக்கும் மண்டையில் உறைக்கவில்லை.

போஸ்டர் ஒட்டி, டிக்கெட் எல்லாம் விற்ற பிறகு, ஒலிபெருக்கி அனுமதிக்காக அக்காவும் நானும் பொலிசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். "பே நோனா, பே. போயா நே!" என்று சிங்களத்தில் கைவிரித்தார். பௌத்தர்களின் புனித நாளான போயா தினத்தில் பாட்டுக் கச்சேரிக்கு ஒலிபெருக்கி தர முடியாது என்பதை அவர் விளக்கவே தேவையிருக்கவில்லை. அக்கா நெற்றியில் கைவைத்தார். வெளியே வந்து படியில் குந்திக்கொண்டு சிரித்தார். "எல்லாச் சாமியையும் பாத்தேன் தம்பி. நிலவை மட்டும் விட்டுட்டேன்."

வெள்ளவத்தை மண்டபம் போயாவுக்கு அடுத்த மாலை மட்டும்தான் சும்மா இருந்தது. மற்ற நாளெல்லாம் கலியாணம், இல்லாவிட்டால் எங்கள் நிகழ்ச்சி. அடுத்த மாலை என்றால், அன்றைக்குக் கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தில் எங்கள் ஐந்தாவது நிகழ்ச்சி. இரண்டு மண்டபமும் நிறைய ஆட்கள், இருப்பது ஒரே இசைக்குழு, நகரத்தின் இரண்டு முனை.

முதலாளி அவசரமாகக் கூட்டம் கூட்டினார். "கொட்டாஞ்சேனைய விடுங்க மிஸ். அங்கத்தச் சனம் ஒண்டும் சொல்லாது. வெள்ளவத்தையில குழம்பினா அடுத்த வருசம் என்னைத் தேடாதீங்க," என்று பட்டென்று போட்டு உடைத்தார். அவர் இல்லாமல் அடுத்த வருடம் ஒரு மண்டபம்கூடப் பிடிக்க முடியாது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அக்கா மெதுவாகத்தான் பேசினார். "ஒண்டும் சொல்லாத சனம் எண்டுதானே முதலாளி எல்லாரும் எங்களை கேன்சல் பண்றது. ரெண்டும் நடக்கும்."

அப்படித்தான் இசைக்குழுவை அக்கா இரண்டாகப் பிரித்தார். கொட்டாஞ்சேனையில் பாயிஸ் நானாவின் தபேலா, கீபோர்ட், ஆண் பாடகர். வெள்ளவத்தையில் கிட்டார், டிரம்ஸ், எங்கள் பாடகி தர்ஷினி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடங்குவது, இடைவேளையில் ஆட்கள் இடம் மாறுவது. தர்ஷினியின் கோஷ்டி வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கோட்டையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டி. பாயிஸ் நானா மட்டும் ரயிலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "ஆபீஸ் முடியிற நேரத்து ட்ரெயின்ல தபேலாவை ஏத்தினா அது ரொட்டியாகிடும்," என்றார். அதனால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேன். அக்கா கொட்டாஞ்சேனையில் நிற்பார், நான் வெள்ளவத்தையில்.

முதல் பாதி அருமையாகப் போனது. அரைக் குழு என்று ஒருவருமே கவனிக்கவில்லை. இடைவேளை விட்டு, தர்ஷினி ஆட்கள் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். வடையும் தேநீரும் முடிந்து சனம் திரும்பி வந்து இருந்தது. மேடை காலி. அப்போதுதான் அக்கா அழைத்தார்.

"தம்பி, வேன் கொள்ளுப்பிட்டியில நிக்குதாம். அசையிதில்ல."

"நான் என்ன செய்யட்டும் அக்கா?"

"கதையுங்கோ. இண்டைக்கு ரெண்டு வசனம் இல்ல. ஏலுமான மட்டும் கதையுங்கோ."

எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை! மேடையேறி, ஒலிவாங்கியைச் சரிசெய்து, முழங்கினேன்: "தவிர்க்க முடியாத காரணங்களால்..." மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. இந்த நாட்டில் அந்த மூன்று சொல்லுக்குப் பிறகு நல்ல செய்தி வந்த சரித்திரம் இல்லை. இசையின் மகத்துவம் பேசினேன். கலையின் தொன்மை பேசினேன். முன்வரிசையில் ஒருவர் ஃபோனை எடுத்தார், பிறகு ஒரு வரிசையே எடுத்தது. ஒரு குடும்பம் பிள்ளையின் சப்பாத்தைத் தேடத் தொடங்கியது. முதலாளி பக்கவாட்டில் நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

எங்கள் இசை வாரமே என் வாயால் முடியப்போகிறது என்று நினைத்தேன். வேறு வழி தெரியாமல் நடந்ததைச் சொன்னேன். போயா, பொலிஸ், இரண்டு மண்டபம், ரயில், ரொட்டியாகப் போகிற தபேலா. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "அப்ப தம்பி, கொட்டாஞ்சேனையில இப்ப ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சப்பாத்துத் தேடிய குடும்பம் மறுபடியும் இருந்துவிட்டது. பாயிஸ் நானா தபேலாவைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் நுழைந்தபோது விழுந்த கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் மறுநாள் தர்ஷினியிடமிருந்து கிடைத்தது. அவர்கள் கொட்டாஞ்சேனை போய்ச் சேரவும் நேரமாகிவிட்டது. அங்கே அறிவிப்பாளர் இல்லை. ஒரு நாளும் மேடையேறாத ஸ்டெல்லா அக்கா, கைப்பையோடு மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடிக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு சொன்னாராம்:

"போயாவை மறந்தது நான். பாட்டுக்காரர் வந்துகொண்டிருக்கினம், இருங்கோ."

அவ்வளவுதான். இறங்கி வந்து கடைசி வரிசையில் இருந்தார். முழு மண்டபமும் இருந்தது. நான் அரைமணி நேரம் தொண்டை கிழியப் பேசித் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடத்துக்கு, அவர் நேராகப் போயிருந்தார். தவறு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டதில் அவருக்குக் கஷ்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. "நான்தானே மறந்தது? வேற என்ன சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அடுத்த வருடம் முதலாளி வந்தார். வந்ததோடு நில்லாமல், நாட்கள் குறிக்கும்போது தானே ஒரு காலண்டரும் கொண்டுவந்தார்.

அடக்கத்தன்று அக்காவை அதே தேவாலய மண்டபத்தில்தான் வைத்திருந்தார்கள். வெள்ளவத்தையிலிருந்தும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே பாயிஸ் நானாவும் மற்றவர்களும் வாத்தியங்களோடு இருந்தார்கள். அக்காவின் தங்கை என்னைக் கூப்பிட்டு, பூசைக்கு எடுப்பதற்கு முன் நினைவுரை நான்தான் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரமும் பேசலாம் என்றார். என் சட்டைப்பையில் எழுதிய தாள்கள் இருந்தன. நல்ல வசனங்கள், எனக்கே பிடித்த வசனங்கள்.

மேடையேறினேன். பழக்கதோஷத்தில் கண் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே கையைத் தூக்க ஆள் இல்லை. அப்போதுதான் அக்கா இறந்துவிட்டார் என்பது எனக்கு உண்மையாகவே உறைத்தது. தாளை வெளியே எடுக்கவில்லை.

"எங்கட ஸ்டெல்லா அக்கா போயிட்டா," என்றேன். "பாட்டுக்காரர் வந்திருக்கினம், இருங்கோ."

இறங்கிவந்து கடைசி வரிசையில் இருந்தேன். பாயிஸ் நானா தபேலாவில் கைவைத்தார், தர்ஷினி பாடினார். பாட்டு முடியும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு அக்காவைச் சொன்ன நேரத்துக்கே எடுத்தோம்.

அக்காவிடமிருந்து என்னோடு வந்தவை அந்த இரண்டு வசனங்களும் கடைசி வரிசை இருக்கையும்தான். அவரிடம் என்னுடையது ஒன்று இருக்கிறது. முதல் நாள் கைப்பைக்குள் மடித்து வைத்த அந்த மூன்று பக்கத்தை அவர் திருப்பித் தரவேயில்லை. அது அங்கேயே இருக்கட்டும் அக்கா.