இரண்டு கார்புரேட்டர்களும் ஒரு பெஞ்சும்

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. கால் ஆடுகிறதென்று பெரிய மாதா கோயிலில் கழித்துப் போட்டதை என் அண்ணன் தூக்கி வந்து ஆணியடித்துக் கொடுத்திருந்தான். அதில்தான் நாங்கள் சாப்பிடுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிலேட்டுகளை அடுக்கி வைத்து அதில்தான் நான் திருத்துவேன். யுத்தம் முடிந்து என் கணவர் பட்டாளத்திலிருந்து திரும்பியதும் அந்தப் பெஞ்சு என் கையை விட்டுப் போனது. இரண்டு கார்புரேட்டர்கள் அதில் குடியேறின. நானும் சாப்பாட்டுத் தட்டும் தரைக்கு வந்தோம்.

துறைமுகத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது கழித்துவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. அப்போதே கிழடு. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்ப ஒரு கார்புரேட்டர். யுத்தம் முடிகிற வரைக்கும் ஓடாமல் நின்றதில் உப்புக் காற்று உள்ளே புகுந்து பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது.

வண்டி ஓடினால் வேலை. அவ்வளவுதான் விஷயம். காயல்பட்டினம் ரோட்டில் உப்பளம் வைத்திருந்த முதலாளி ஒருவருக்கு, சிதறிக் கிடந்த அளங்களைக் காலையும் மாலையும் சுற்றிப் பார்க்கச் சொந்த வண்டியுள்ள கங்காணி தேவைப்பட்டார். திங்கட்கிழமை விடிந்ததும் வண்டியோடு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். வேலை இல்லையென்றால் என் கணவர் கொழும்புக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவருடைய சித்தப்பா மோட்டார் ஒர்க்ஷாப் வைத்திருந்தார்.

கொழும்பு என்றாலே எனக்கு ஆகாது. என் அப்பா கொழும்பில் வேலை பார்த்தவர். மாதா திருவிழாவுக்கு வருவார், வாசனை சோப்பு கொடுப்பார், கொடி இறங்கியதும் போய்விடுவார். என் அம்மா சுமங்கலியாகவும் இல்லாமல் கைம்பெண்ணாகவும் இல்லாமல் காலத்தைத் தள்ளினாள். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

ஆகவே மண்ணெண்ணெய் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டேன். அவர் சாமான்களை ஊறவைத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, பெஞ்சின்மேல் பந்தி பரிமாறியதுபோல் வரிசையாக வைப்பார். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு 'பெஞ்சு செட்டிங்' என்று ஒன்று உண்டு. வண்டியில் மாட்டுவதற்கு முன்பே இரண்டு கார்புரேட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அளவுக்குக் கொண்டுவருவது. கம்பியால் இணைத்த கைப்பிடியைத் திருகினால், உள்ளே காற்றுவழியை மறித்திருக்கும் இரண்டு அடைப்புகளும் ஒன்றாக எழும்ப வேண்டும். ஒன்று முந்தினாலும் எஞ்சின் நொண்டும். அடைப்பு எழும்பும்போது திறக்கும் சந்துக்குள் அவர் என் தையல் ஊசியை விட்டுப் பார்ப்பார். அந்நேரம் கைப்பிடியைத் திருக ஓர் ஆள் வேண்டும். வேறு யார், நான்தான்.

பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, தெருமுனைக் குழாயில் சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் கையில் கைப்பிடியைக் கொடுப்பார்.

"மெல்லத் திருகு… இன்னுங் கொஞ்சம்… போதும்ளா, விடு."

திருகுவேன். விடுவேன். கண் சொக்கும். சரியாகிவிட்டது என்பார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் எல்லாம் மறுபடியும் கழன்று பெஞ்சில் கிடக்கும்.

"என்னங்க, நேத்துதான சரியாயிட்டுன்னு சொன்னீங்க?"

"மயிரிழை வித்தியாசம் இருக்கு. அது ஆவாது."

பட்டாளத்தில் கற்ற சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன். எரிச்சலோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற மனுஷர் வேலையைக் கோட்டைவிட மாட்டார் என்று நம்பினேன்.

சனிக்கிழமை என் அண்ணன் வந்தான். காயல்பட்டினத்து வியாபாரிகளுக்கு முத்துத் துளைத்துக் கொடுப்பது அவனுக்குத் தொழில். மரக்கட்டையில் முத்தைப் பதித்து, ஒரு கையால் வில்லை இழுத்து ஊசியைச் சுழற்றுவான். அதே சமயம் மறுகைச் சுண்டுவிரலால் சிரட்டைத் தண்ணீரைத் தொட்டுச் சொட்டுச் சொட்டாக விடுவான். அன்றைக்கு என் கணவர் கையில் இரண்டு ஜெட்டுகள் இருந்தன. ஜெட் என்பது கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு. அதன் நடுவில் தலைமுடி நுழையும்படி ஓர் ஓட்டை. பெட்ரோல் அதன் வழியாகத்தான் ஏறும். அந்த ஓட்டைகளில் களிம்பு அடைத்திருந்தது.

"ஓட்டைன்னா அத என்கிட்டலா குடுக்கணும் மாப்ள," என்றான் அண்ணன்.

"களிம்ப மட்டும் எடுங்க மச்சான். ஓட்டையத் தொட்டுராதீங்க."

அண்ணன் இரண்டையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தான். முகமெல்லாம் பல்.

"ரெண்டும் ஜோடியே இல்ல, பாத்துக்கோங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. எவனோ வேலை தெரியாதவன் போட்டிருக்கான். சிறுச இழைச்சு ரெண்டையும் ஜோடியாக்கிட்டேன்."

அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. தோட்டுக்கு இரண்டு முத்து வந்தால் இரண்டு ஓட்டையும் ஒன்றுபோல் இருந்தாக வேண்டும். ஜோடி சேராத முத்தை வியாபாரி முகத்திலேயே விட்டெறிவார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டையைப் பார்த்தால் அவன் கை சும்மா இருக்காது.

என் கணவர் அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பின்னால உள்ள சிலிண்டருக்குக் காத்து படாது மச்சான், சூடாவும். அதுக்குப் பெட்ரோல் கூடப் போவணும். அதான் அதுல ஓட்டை பெருசு. முன்னால உள்ளதுக்கு இவ்வளவு ஆவாது," என்றார். பிறகு, "பரவாயில்ல, விடுங்க," என்றார்.

தன் ஸ்பேனரை யாராவது நகர்த்தி வைத்தால் வீட்டையே தலைகீழாக்குகிறவர் அவர். பரவாயில்லையாம்!

"மாட்டிப் பாருங்க மொதல்ல," என்றேன் நான்.

மாட்டி உதைத்தார். முன் சிலிண்டர் கரும்புகை கக்கியது. எதிர்வீட்டுக்காரி கொடியில் காய்ந்த சேலையை உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள். நாலு தரம் இருமிவிட்டு எஞ்சின் நின்றது. பிளக்கைக் கழற்றினால் ஈரமாக, அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. ஜெட் வேண்டுமென்றால் மதராஸுக்கு எழுதிப்போட வேண்டும். வருவதற்குள் அடுத்த திருவிழாவே வந்துவிடும்.

"சரி, விதி," என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ. "நாளைக்குத் திங்கக்கெழமை! விதியாம்லா விதி!" என்று கத்தினேன். அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, கெடுத்தது நீ. இதச் சரிபண்ணாம வீட்டவிட்டு நீ எறங்கக் கூடாது."

அண்ணன் பயந்துபோய் வில்லும் ஊசியும் எடுத்துவர ஓடினான். ஈயத்தை உருக்கி அந்த ஓட்டையை அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைப்பது என்று முடிவாயிற்று. பழைய அளவு யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் சிறிதாகப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கலாம் என்றான் அண்ணன். அவன் துளைக்க, அவர் மாட்டி உதைக்க, எஞ்சின் பட்டென்று வெடித்து நிற்க, மறுபடி கழற்ற, மறுபடி துளைக்க என்று வெயில் சாயும்வரை அதே பாடு. நடுவில் பெஞ்சு செட்டிங் வேறு. கைப்பிடி திருகித் திருகி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்றைக்கு மூன்று பேரும் பசியோடுதான் கிடந்தோம்.

கடைசியில் ஓடியது. புகை இல்லை, இருமல் இல்லை. இரண்டு சிலிண்டரும் ஒரே சீராக அடித்தன. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, நான் மறுபடி ஏதாவது சொல்வதற்குள் வீட்டுக்குக் கிளம்பினான்.

என் கணவர் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் செத்துக் கிடந்தது.

"அதான் ஓடிட்டே, பெறகென்ன?"

"ஓடாதுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, வேண்டிக்கிட்டீங்களா?"

விரலில் ஒட்டியிருந்த கரியை வேட்டித் துணியில் துடைத்தார். பிறகு சொன்னார். "கொழும்புல சித்தப்பா ஒர்க்ஷாப்புல நாள் பூரா எஞ்சின் வேலதான். இங்கன போனா வெயில்ல நின்னு உப்பு அள்ளுத பொம்பளைகள வெரட்டணும். பட்டாளத்துல வெரட்டுனதும் வெரட்டுப்பட்டதும் எனக்குப் போதும்ளா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வண்டி என்றைக்கோ ஓடியிருக்க வேண்டியது. திங்கட்கிழமை தாண்டட்டும் என்றுதான் கழற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். அத்தனை நாளும் நான் வேலை மெனக்கெட்டுக் கைப்பிடி திருகியிருக்கிறேன். அழுகை வந்தது. அழவும் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

ஆனாலும் சொன்னேன். "எங்கம்மா இருந்த மாதிரி என்னால இருக்க முடியாதுங்க. நாளைக்கு அளத்துக்குப் போங்க." இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

விடிந்ததும் போனார். சாயங்காலம் முழங்கால்வரை உப்பு பூத்து, வெயிலில் கண் சிவந்து வந்தார். அதற்கப்புறம் வேலையை விடும்வரை ஒருநாள் தவறாமல் போனார், ஒருநாள் தவறாமல் வீட்டுக்கு வந்தார். கொழும்பிலும் கப்பலிலும் புருஷனை வைத்திருந்த எங்கள் தெருப் பெண்கள் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். நான் தட்டை வைப்பேன், சாப்பிடுவார். வேலை எப்படி இருந்தது என்று கேட்டால், "உப்புதான்" என்பார். அதற்குமேல் கேட்க எனக்கும் தைரியம் வந்ததில்லை.