எந்தப் பரவாயில்லை?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘பத்துக்கெத்தனை’ என்று பெயர். வாட்ச்மேனிலிருந்து கேன்டீன்காரர் வரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். “பத்துக்கெத்தனை வந்தாச்சா?” “பத்துக்கெத்தனை இன்னைக்கு லீவு.” பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. அவளுக்குக் கோபம் வராது. விடிந்தால் அடைந்தால் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

கேள்வி இதுதான். “வலியே இல்லை என்றால் பூஜ்யம். நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி என்றால் பத்து. இப்போது உங்கள் வலி பத்துக்கு எத்தனை?”

முதுகுவலி பற்றிய பெரிய ஆராய்ச்சி அது. பல ஊர்களில், பல ஆஸ்பத்திரிகளில் இதே கேள்விகளை இதே வரிசையில் கேட்கிறார்கள். அப்போதுதான் எல்லோருடைய பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இங்கே ஒருவர் சொல்கிற ஆறும், கடல் தாண்டி ஒருவர் சொல்கிற ஆறும் ஒரே ஆறாக இருக்க வேண்டும். அதனால் எழுதியதை எழுதியபடி படிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது, துருவக் கூடாது, ‘ஐயோ பாவம்’ என்று முகத்தைக்கூட மாற்றக் கூடாது. ஒரு பள்ளிக்கூட வாத்தியார், “என் முதுகுக்கு ரெண்டு மார்க்குக்கு மேல போட மாட்டேன், அவ்வளவு மோசம்” என்று கறாராகச் சொன்னார். அவள் சிரிக்காமல் கேள்வியை முதலிலிருந்து படித்தாள். அவரும் சளைக்காமல் ரெண்டிலேயே நின்றார். ரெண்டு என்றே பதிவானது.

இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் திறமைதான் அவளுக்கு வினையாக வந்தது.

கடைசிக் கேள்வி: “போன தடவையைவிட வலி இப்போது எப்படி இருக்கிறது?” குறைந்திருக்கிறது, அப்படியே இருக்கிறது, கூடியிருக்கிறது என்று மூன்று கட்டங்கள். கூடியிருக்கிறது என்று வந்தால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் ஜனங்கள் கட்டத்துக்குள் அடங்குகிற பதிலையா சொல்வார்கள்? பாதிப் பேர் சொன்னது ஒரே வார்த்தைதான்: “பரவாயில்ல.”

இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஆரம்பத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பெரிய டாக்டர் அவளைத்தான் கேட்டார். “குறைஞ்சிருக்குன்னுதான் டாக்டர் அர்த்தம். காய்ச்சல் விட்டா பரவாயில்லன்னு சொல்றதில்லயா?” என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தை முதல் கட்டத்துக்குப் போனது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனுஷர், ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது என்று கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். அவள் தினமும் வேலை விட்டு வந்து பையை மாட்டிவிட்டுக் கேட்பாள். “எப்படிங்க இருக்கு?” அவர் மெல்ல ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொல்வார், “பரவாயில்ல.” சொன்னவர்களின் வாயிலிருந்து வார்த்தையை எடுத்துக் கட்டத்தில் போட்டுப் பழகியவள், வீட்டிலும் போட்டாள். குறைந்திருக்கிறது. பிறகு படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் பாதியைப் புற்றுநோய் தின்று முடித்திருந்தது. கொஞ்ச நாளில் அவர் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை அவளை விடவில்லை. யார் சொன்னாலும் அவர் குரலில் கேட்டது. பெண்கள் சொன்னாலும் அப்படித்தான். முன்னால் அந்த மூச்சு, பிறகு வார்த்தை. ஆஸ்பத்திரி லிஃப்ட்கூட அவர் பழுது பார்த்ததுதான். அவள் வேலை செய்கிற மாடியில் வந்து நின்று தானாகத் திறக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். “கிழட்டு லிஃப்ட், அதுக்கும் முதுகுவலி போல” என்பார் வாட்ச்மேன். அவள் படியேறிப் போகத் தொடங்கினாள். பயம்தான், வேறென்ன?

ஒரு மத்தியானம் அவள் பட்டியலில் இருந்த தையல்காரம்மாவுக்கு போன் போட்டாள். காலமெல்லாம் மிஷின் மிதித்து இடுப்பைத் தொலைத்த பெண். பத்துக்கு ஆறு என்றாள். கடைசிக் கேள்விக்கு வந்தார்கள்.

மெல்ல ஒரு மூச்சு. “பரவாயில்லம்மா. நீ இன்னும் எத்தனை பேருகிட்ட கேக்கணுமோ.”

அவர் குரல். அப்பட்டமாக அவர் குரல். பேனா முதல் கட்டத்துக்குப் போய், அங்கேயே நின்றது. கேட்கக் கூடாத கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது.

“எந்தப் பரவாயில்ல?”

“என்னம்மா கேக்கற?”

“குறைஞ்சிருக்கிற பரவாயில்லயா? இல்ல, ‘விடு, சொல்லி என்ன ஆகப்போகுது’ங்கற பரவாயில்லயா?”

தையல்காரம்மா தணிந்த குரலில் சொன்னாள். “காலைலேருந்து வலது கால் இருக்கா இல்லயான்னே தெரியலம்மா. ஊசியால குத்திப் பாத்தேன். ரத்தம் வருது, ஒண்ணும் தெரியல.”

“இத ஏம்மா முதல்லயே சொல்லல?”

“நீ வலியத்தானே கேட்ட? அங்கதான் வலியே இல்லயே.”

பத்துக்கெத்தனை நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். பெரிய டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் அவரே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது.

மறுநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். “கால் தப்பிச்சிடுச்சு. கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பாங்க, அவ்வளவுதான். நல்லவேளை கேட்டீங்க” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஆனா அந்தப் பதில ஆராய்ச்சில சேர்த்துக்க முடியாது. மத்தவங்ககிட்ட கேக்காதத இவங்ககிட்ட மட்டும் கேட்டுட்டீங்க” என்றார்.

“அப்ப எல்லாருகிட்டயும் கேக்கலாமே டாக்டர்.”

“கேக்கலாம். எல்லா ஊருக்கும் எழுதிப் போட்டு, ஒரு கேள்வி சேர்க்கலாம்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஆனா இதுவரைக்கும் பரவாயில்லன்னு சொன்னவங்க? அது எது எதுன்னு இனிமே யாருகிட்டப் போய்க் கேக்கறது?”

அவர் நினைத்தது கணக்கை. அவள் நினைத்தது ஒருவரை.

அன்று சாயங்காலம் கூடத்தில் அந்தப் பாயை விரித்து, அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெட்கத்தை விட்டு வாய்விட்டே கேட்டாள். “ஏங்க, எந்தப் பரவாயில்ல?” பேய் பிசாசு எதுவும் பதில் சொல்லவில்லை. தையல்காரம்மாவின் வார்த்தைதான் நினைவுக்கு வந்தது: நீ இன்னும் எத்தனை பேருகிட்ட கேக்கணுமோ. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் ஒருநாளும் வெறும் ‘பரவாயில்ல’ சொன்னதே கிடையாது. “பரவாயில்ல, நீ போய் முதல்ல சாப்பிடு.” “பரவாயில்ல, நீ காலை நீட்டிப் படு.” வலி குறைந்தவன் தன் வலியைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை பேசுவான். குறையாதவன்தான் பேச்சை அடுத்தவர் பக்கம் திருப்புவான். அவள் பதிலின் முதல் வார்த்தையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டிருந்தாள். அவளுக்குப் பழக்கிய முறை அது. அழுதாள், வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள்.

போன் அடித்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள்.

“எப்படிம்மா இருக்க?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மெல்ல ஒரு மூச்சு வந்தது.

“பரவாயில்லடி. நீ சாப்பிட்டியா?”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. போனை இறுகப் பிடித்துக்கொண்டு, மகள் இன்னொரு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தாள்.

“இதோ சாப்பிடப் போறேன்மா. சரி, வச்சிடறேன்” என்றாள் மகள்.