ஆமணக்கு மூட்டையும் என் இடது கையும்

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த சமயம். ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஹார்பருக்குப் போகும் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு ஏற்றுமதிக் கிடங்கில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். முதலாளி எனக்குத் தாய்மாமன் முறை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த இரண்டே வருடத்தில், எந்த மூட்டையில் என்ன சரக்கு என்று வாசனையை வைத்தே சொல்லுமளவுக்குத் தேறிவிட்டேன். ஆளைப் பார்த்தாலே உழைப்பவனா, ஏய்ப்பவனா என்று சொல்லிவிடுவேன் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது.

எங்களிடம் வருவது பெரும்பாலும் ஆமணக்குக் கொட்டையும் வேர்க்கடலையும்தான். கொருக்குப்பேட்டையிலிருந்து மூட்டை தூக்க வருபவர்களில் ஒருவருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல திடகாத்திரமான உடம்பு. ஆனால் ஆமணக்கு வந்து இறங்கும் நாளில் அரை மணி நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, நெஞ்சிலிருந்து விசில் அடிப்பதுபோலச் சத்தம் வரும். வெளியே போய்க் கடல் காற்றில் இரண்டு மணி நேரம் இருந்தால் சரியாகிவிடும். அப்படிச் சரியாகிவிடுவதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"கொட்டமுத்து தூசி பட்டா மாரு அடச்சிக்குது கணக்குப்பிள்ள. மூச்சே வர்ல. நான் இன்னா செய்ய?" என்பார். ஆமணக்குக்கு அவர் பேச்சில் கொட்டமுத்து.

"நானும் அதே தூசியிலதான உக்காந்திருக்கேன்? எனக்கு ஒண்ணும் பண்ணலியே" என்பேன்.

ஒருநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நினைத்தேன். அன்று கிடங்கில் ஆமணக்கே இல்லை, முழுக்க வேர்க்கடலைதான். அன்றும் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு எந்தத் தூசிய்யா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். "அதான் எனுக்கும் புரியல" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

யாரையாவது நிறுத்துவதென்றால் யாரை நிறுத்தலாம் என்று மாமா கேட்டிருந்தார். அவருடைய பெயரைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமையோடு அவர் வர வேண்டாம் என்று முடிவாயிற்று. வீட்டில் மூன்று பிள்ளைகள், மனைவிக்கு நிறைமாதம் என்று மேஸ்திரி என் காதில் போட்டுவைத்தார். அது அவர் பாடு என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கைரிக்‌ஷாவில் ஒரு டாக்டரம்மா வந்து இறங்கினார். மடியில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் அடுக்கிய பெட்டி. மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போன அந்த மூட்டைக்காரர் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு நேரில் பார்க்க வந்திருக்கிறார். இவர் மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் இல்லை. சில பேருடைய உடம்பு சில பொருள்களைக் கண்டால் மட்டும் ஏன் வீங்குகிறது, சிவக்கிறது, மூச்சு அடைக்கிறது என்று ஆராய்ச்சி செய்பவர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிடங்கு முழுக்கக் குனிந்து குனிந்து தூசியைச் சேகரித்தார். படித்த பெண்மணி தூசி பொறுக்குவதைப் பார்க்கக் கூட்டமே கூடிவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தத் தூசியில நான் பகல் பூரா இருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல. அவனுக்கு வேர்க்கடலைக்கும் மூச்சு இழுக்கு. இது சுத்த நடிப்பு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "வேர்க்கடலைக்குமா? எந்த மூட்டை?"

காட்டினேன். சாக்கைத் தட்டி அதன் தூசியை ஒரு குப்பியிலும், உள்ளேயிருந்த பருப்பை இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குத் தும்மல்கூட வராதா?"

"வராது."

"அப்போ எனக்கு நீங்கதான் வேணும்."

அவர் விளக்கியது இதுதான். உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. சில பேருக்கு அந்தக் காவல், விருந்தாளியைத் திருடன் என்று நினைத்து அடிதடியில் இறங்கிவிடுகிறது. வீக்கமும் அரிப்பும் இழுப்பும் அந்த அடிதடிதான். அப்படி ஆள் மாறாட்டம் செய்வது ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. மூட்டைக்காரருடைய ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை மட்டும் பிரித்து, என் தோலுக்கடியில் சில சொட்டுகள் ஏற்றி, இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் ஆமணக்கை வைத்துப் பார்க்கலாம் என்றார்.

"அந்த ஏதோ ஒண்ணுன்னா என்னம்மா?"

"எனக்குத் தெரியாது. உலகத்துல யாருக்குமே இன்னும் தெரியாது. அதுக்குத்தான் இந்த அலைச்சல்" என்று சிரித்தார். தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த ஆவல் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால், மூட்டைக்காரர் நடிக்கிறார் என்பதை என் கையை வைத்தே நிரூபித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் சம்மதித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் என் இடது கையில் மூன்று இடங்களில் ஊசி போட்டு, சுற்றிலும் மையால் வட்டம் போட்டார்கள். மூட்டைக்காரரும் வந்திருந்தார். "என் ரத்தத்தால அவுருக்கு ஒண்ணியும் ஆவாதே, டாக்டரம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். நான் காதில் விழாததுபோல உட்கார்ந்திருந்தேன். (இன்று இப்படி ஒருவர் ரத்த நீரை இன்னொருவருக்கு ஏற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அதன் வழியாக வேறு நோய்கள் தொற்றலாம் என்று பின்னாளில் படித்தேன்.)

வியாழக்கிழமை மறுபடி போனோம். ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். டாக்டரம்மா மூன்று குப்பிகளிலிருந்து ஒவ்வொரு சொட்டு எடுத்து, ஒவ்வொரு வட்டத்திலும் ஒன்றாக வைத்துத் தோலை லேசாகக் குத்தினார். முதல் வட்டத்தில் ஆமணக்குச் சாறு, இரண்டாவதில் வேர்க்கடலைச் சாறு, மூன்றாவதில் வேர்க்கடலைச் சாக்கிலிருந்து எடுத்த தூசியை ஊறவைத்த தண்ணீர். ஊசி போடாத வலது கையிலும் அதே மூன்றையும் வைத்தார்.

ஐந்து நிமிடம் வரை ஒன்றுமில்லை. "பாத்தீங்களா?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் இடது கையில் முதல் வட்டம் அரிக்க ஆரம்பித்தது. என் கண் எதிரே தோல் தடித்து வெள்ளையாக எழும்பியது. சுற்றிலும் சிவந்தது. வலது கையில் கொசு கடித்த அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு நாளும் ஒன்றும் செய்யாத ஆமணக்கு, அவருடைய ரத்த நீர் இருந்த இடத்தில் மட்டும் என்னை அந்தப் பாடு படுத்தியது. நம்பவே முடியாமல் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

வேர்க்கடலை வட்டம் அப்படியே கிடந்தது. ஆனால் மூன்றாவது வட்டமும் எழும்பியது.

"கடலைக்கு இல்லை, சாக்குக்கு இருக்கு. அந்தச் சாக்குல முன்னாடி என்ன இருந்தது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

ஆமணக்கு வந்த பழைய சாக்குகளை உதறி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் புரட்டி, வேர்க்கடலைக்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். மாமாவிடம் அதற்குப் பாராட்டுக்கூட வாங்கியிருந்தேன். அவரைப் பொய்யர் என்று சொல்ல நான் காட்டிய ஒரே சாட்சி, நானே செய்துவைத்த வேலை.

நான் தலை நிமிரவில்லை. பக்கத்திலிருந்து அவர் மெதுவாகச் சொன்னார்: "அரிக்குதா கணக்குப்பிள்ள? சொறியாதீங்க, இன்னும் ஏறிக்கும். ஈரத்துணி போட்டுகினா அடங்கிடும். எனுக்குப் பழக்கம்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு மணி நேரத்தில் வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னதும் எழுந்து ஓடினேன். வடிவதற்குள் மாமாவிடம் காட்டியாக வேண்டும். சட்டைக் கையை மடித்தபடியே கிடங்குக்குள் நுழைந்தேன்.

"கையில என்னலே?" என்றார் மாமா.

"ஆமணக்குத் தூசி மாமா."

"ஒனக்கு அது ஒத்துக்கிடுமே?"

"எனக்கு ஒத்துக்கிடும். அவனுக்குத்தான் ஒத்துக்கிடாது."

"அவனுக்கு ஒத்துக்கிடலன்னா ஒன் கை எதுக்குலே வீங்குது?"

உட்காரவைத்து முழுவதையும் சொன்னேன். சாக்கு விஷயத்தையும் மறைக்கவில்லை. மாமா அந்தத் தடிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சனிக்கிழமை அவரை நிறுத்தவில்லை. திருவொற்றியூரில் மாமாவுக்கு இரும்புச் சாமான் இறங்கும் இன்னொரு கிடங்கு இருந்தது. அங்கே அனுப்பினார். அதன்பின் பல வருடங்கள் அங்கே வேலை பார்த்தார், இழுப்பு வந்ததாகக் கேள்விப்படவில்லை. பழைய சாக்கைத் திரும்பப் பயன்படுத்துவதை மட்டும் மாமா விடவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

டாக்டரம்மாவை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. வெகுகாலம் கழித்து, ரத்தத்தில் இருக்கும் அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது, அவருக்குத் தெரிந்திருக்குமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

இன்றைக்கும் யாராவது தன்னால் முடியவில்லை என்று சொன்னால், 'என்னால் முடிகிறதே' என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. தோன்றியதும் வாயை மூடிக்கொண்டு, அவர் சொல்வதை முழுசாகக் கேட்கிறேன்.