நாலு குரல் பாட்டு

மற்றப் பிள்ளைகளுக்குப் படுக்கும்போது நரிக்கதை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது, நானூறு வருடத்துக்கு முன்னால் கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பாட்டு எழுதிய ஓர் இத்தாலியக்காரரின் கதை. கோயிலில் பாடப்போன சிறுவன் வளர்ந்து ரோமில் பாட்டுத் தலைவரானார். கலியாணம் செய்தவர் என்று ஒரு பாப்பரசர் அவரை வேலையிலிருந்து நீக்கினார். பிறகு கொள்ளைநோய் வந்து தம்பி, பிள்ளைகள், மனைவி என்று ஒவ்வொருவராகக் கொண்டுபோனது.

"அப்பவும் மனுசன் எழுதுறதை நிப்பாட்டேல்லை," என்று அப்பா முடிப்பார்.

"பிறகு காசுக்கார விதவையைக் கட்டினதையும் சொல்லுங்கோ," என்பார் அம்மா, குசினியில் சமைத்தபடி.

அந்த இத்தாலியக்காரரின் பாட்டொன்றை அப்பாவும் தம்பி தங்கைகளும் யாழ்ப்பாணத்தில் பெரிய வெள்ளிதோறும் பாடுவார்களாம். நாலு பேருக்கும் வெவ்வேறு மெட்டு. ஒருவர் பாட மற்றவர் காத்திருந்து நுழைய வேண்டும். அப்பாவுக்கு அடிக்குரல், சித்தப்பாவுக்கும் பெரிய மாமிக்கும் இடைக்குரல்கள், சின்ன மாமிக்கு மேல்குரல். சின்ன மாமி எப்போதும் அவசரப்பட்டு முந்திவிடுவார் என்பது அப்பாவின் தீராத குறை.

நாங்கள் குடியேறிய நாட்டில், பென்ரோஸ் கிடங்கில் பெட்டி அடுக்கிய நேரம் போக, ஊரில் இருந்த அந்த மூவரையும் இங்கே கூப்பிட விசா எடுக்கத்தான் அப்பா அலைந்தார். அடுத்த பெரிய வெள்ளிக்கு நாலு பேருமாகப் பாடுவோம் என்று எங்கள் பங்குச் சாமியாரிடம் வாக்கும் கொடுத்திருந்தார்.

விசாவுக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மூவரும் தஞ்சம் புகுந்திருந்த கோயிலில் ஷெல் விழுந்திருந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. அதோடு எனக்குக் கதையும் நின்றுபோனது.

பெரிய வெள்ளியன்று, அம்மா தடுத்தும் கேளாமல், அப்பா தனியே முன்னால் போய் நின்று பாடினார். அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் முனகல், பிறகு மௌனம். இன்னும் கொஞ்சம், அதைவிட நீண்ட மௌனம். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்கார மூதாட்டி இரக்கப்பட்டுத் தன் பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். எட்டு வயதான எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அந்த நேரத்தில் அவர் என் அப்பாவாக இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில், பாட்டு மறந்துவிட்டதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்லை. எல்லாரும் வடிவாத்தான் பாடினவை," என்றார் அப்பா, றோட்டைப் பார்த்தபடி. "சின்ன மாமிதான் இண்டைக்கும் முந்திட்டா."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். செத்துப்போன மாமி எப்படி முந்துவார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. சான்ட்ரிங்ஹாம் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். அப்பா ஸ்டியரிங்கில் விரலால் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டு, தன் முறை வரக் காத்திருந்தார்.