இறங்கிப் போகும் டீச்சர்

வலை பின்னுகிறவர்கள் கண்ணில் பட்டதுமே லீமாரோஸ் டீச்சர் பிரேக்கைப் பிடித்துவிடுவாள். இடது கால் தரையில் ஊன்றும். வலது கை முந்தானையை இழுத்துச் செருகும். பிறகு தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, பூவரச மரத்தடியைத் தாண்டும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பாள். தாண்டியதும் ஏறுவாள். நாலு மிதி மிதிப்பதற்குள் டீக்கடை வந்துவிடும். மறுபடியும் இறங்குவாள்.

உச்சிப்புளி ரயிலடிக்குப் பக்கத்தில் அவள் வீடு. வேலை, கடற்கரையோரத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில். நடுவில் நாலு மைல். பஸ்ஸெல்லாம் ராமநாதபுரம் ரோட்டோடு சரி, இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பாதையில் பாதி மணல். அங்கே யாராக இருந்தாலும் தள்ளித்தான் ஆக வேண்டும். மீதி மாட்டுவண்டித் தடம். ஆடி ஆடி ஓட்டலாம். தரை கெட்டிப்பட்டு, சக்கரம் தானாகவே ஓடக்கூடிய இடம் ஊருக்குள் நுழைகிற அந்த ஒரு தெருதான். அங்கே மரியாதைக்காகத் தள்ள வேண்டியிருந்தது.

"வாங்குனது ஓட்டுறதுக்கா, மேய்க்கிறதுக்கா?" என்று கில்பர்ட் கேட்பான்.

கில்பர்ட் அவள் கணவன். பாம்பனில் சரக்கு ஏற்றும்போது மூட்டைகள் சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மண்டபம் முகாமிலிருந்து மாற்றலாகிப் போன நர்ஸ் ஒருத்தி லேடீஸ் சைக்கிளை விற்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஆள் அனுப்பி வாங்கிவைத்தவன் அவன்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவனே. கட்டிலை வாசலைப் பார்த்துப் போடச் சொல்லி, படுத்தபடியே சத்தம் போடுவான்.

"ஹேண்டில ஏன் அப்பிடி மொறைக்கிற? அது என்ன ஒன் மாமியாவா? ரோட்டப் பாரு!"

சிரித்தே இரண்டு தடவை விழுந்தாள். முழங்கையில் அந்த வடு இன்னும் இருக்கிறது.

விடிவதற்குள் அவனைத் துடைத்து, புரட்டிப் போட்டு, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் அவள் கிளம்ப முடியும். மதியம் அடுத்த வீட்டு சுலைகா வந்து எட்டிப் பார்ப்பாள். பொழுது சாய்வதற்குள் டீச்சர் திரும்பியாக வேண்டும். அவனை மறுபடி புரட்டிப் போட வேண்டும். பள்ளிக்கூடத்து ஊரிலேயே குடியிருந்தால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் டாக்டர் வருவது ரயிலடிக்கு. அந்த மணல்காட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? நடந்து போய்வந்தால், ஒன்று அவன் புண்ணோடு காத்துக் கிடக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். சைக்கிள் இருப்பதால்தான் இரண்டையும் அவளால் பார்த்துக்கொள்ள முடிந்தது.

அவளுடைய புடவை எதுவானாலும் கீழ்க்கரையில் வலது பக்கம் மட்டும் கறுத்திருக்கும். செயின் கடித்த இடம் அது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் முந்தானையை நாலு ஊக்கு போட்டு அடக்கியிருப்பாள். வகுப்பில் உட்கார்ந்ததும் ஒவ்வொரு ஊக்காகக் கழற்றி மேசைமேல் வைப்பதைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் பாடம்.

முதலில் அவளை இறங்கச் சொன்னவர் சவேரியார். ஊரில் மூத்தவர், மூன்று வள்ளத்துக்குச் சொந்தக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. வலை ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பெரிய மனுசங்க உக்காந்திருக்கிற எடத்துல பொம்பள சைக்கிள்ல ஏறிப் போனா நல்லாவா இருக்கு டீச்சர்? அங்கன மரத்தத் தாண்டி ஏறிக்கிட்டா காலு தேஞ்சா போகும்?" என்றார். நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. அவளுடைய அய்யா வந்தால் அவளே எழுந்து நிற்கிறவள்தானே. மறுநாள் மரத்தடியில் இறங்கினாள்.

மரத்தடிக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா என்று டீக்கடை வருத்தப்பட்டது. அங்கேயும் இறங்கினாள். பிறகு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்காருகிறவர்கள். அதற்குப் பிறகு, சிலுவை நட்ட குருசடியில் இருப்பவர்கள். முன்பெல்லாம் விடிகாலையில் கடலுக்குப் போய்விடுகிற ஆட்கள்கூட, போகாத நாட்களில் தெருவில் வந்து குந்தினார்கள். ஒருநாள் செபஸ்தியான், மீசை அப்போதுதான் கறுத்திருந்தவன், வேலியோரம் காலை நீட்டி உட்கார்ந்து, "எங்களுக்கும் ஒரு எறக்கம் உண்டா டீச்சர்?" என்றான்.

"ஏலே, சும்மா இரு" என்று சவேரியார் அதட்டினார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவனுக்கும் இறங்கினாள். ஒருவருக்கு இறங்கி ஒருவருக்கு இறங்காமல் போவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்படி அந்தத் தெருவைக் கடக்கவே நேரம் போயிற்று. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு அவள் நுழைவது வழக்கமாகிவிட்டது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், பயந்தவர். வராந்தாத் தூணுக்குப் பின்னால் அவளை நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இன்னொரு நாள் மணிக்குப் பெறகு வந்தீங்கன்னா வேற ஆளப் போட்டுருவேன்னுட்டாரு பங்குச் சாமியாரு. ஆளும் ரெடியா இருக்கு. என்னால ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர்."

அன்று சாயங்காலம் புண்ணைக் கழுவிக்கொண்டே கில்பர்ட்டிடம் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"எறங்காத. பெல்ல அடி, போய்க்கிட்டே இரு."

"பெரியவங்க இருக்காங்க."

"அவுக உக்காந்துதான இருக்காக? நீதான போகணும்."

அவள் பஞ்சை மாற்றினாள். அவனுக்கு அது தெரியவில்லை. "வச்சிட்டியா?" என்று கேட்டான்.

மறுநாள் அவள் இறங்கவில்லை. பெல் அடிக்கவும் கை வரவில்லை. மரத்தடியில் வலை ஊசிகள் நின்றன. டீக்கடையில் தலைகள் திரும்பின. செபஸ்தியான் மட்டும் நீட்டிய காலை மடக்கிக்கொண்டான். மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் இருந்தாள். ஊக்குகளைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகுதான் மணி அடித்தது.

அதற்கு அடுத்த நாள் தெருவின் குறுக்கே முள் கிடந்தது.

நல்ல பெரிய உடைமுள். ஒரு கிளையை அப்படியே வேலியிலிருந்து பிடுங்கி, இந்த வேலிக்கும் எதிர் வேலிக்குமாகப் போட்டிருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை. மரத்தடியில் எல்லோரும் குனிந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இறங்கினாள். சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு, கிளையின் அடியைப் பிடித்து இழுத்தாள். ஒரு முள் உள்ளங்கையில் ஏறியது. புடவையில் துடைத்துக்கொண்டாள். வழி கிடைத்துவிட்டது. சைக்கிளில் கையும் வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கிளை பிடுங்கிய இடம் அவள் கண்ணில் பட்டது. அது அற்புதம்மாளின் வேலி. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள்; விடியும் முன்பே கருவாட்டுக் கூடையோடு போய்விடுகிறவள். உள்ளே அவள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி வளர்த்த ஒரு பாத்திக் கீரை. வேலியின் இடைவெளியில் ஒரு வெள்ளாடு கழுத்து வரைக்கும் நுழைந்துவிட்டிருந்தது.

டீச்சர் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் எழவில்லை. சைக்கிளிலிருந்து கையை எடுத்தாள். ஆட்டைக் கொம்பைப் பிடித்து வெளியே தள்ளினாள். கிளையைத் திரும்ப இழுத்துவந்து இடைவெளியில் நிறுத்தினாள். அது நிற்கவில்லை, சாய்ந்தது. கோயில் பக்கமிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கத் தொடங்கியது.

"மணி அடிக்கிறாங்க டீச்சர்" என்றார் சவேரியார். குரல் இறங்கியிருந்தது. "விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்."

அவள் நிமிரவில்லை. மணி ஓய்ந்து தெரு அமைதியான பிறகும், குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி அந்த முள்ளின் அடியில் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.